பேய்கள் தட்டாத கதவு

லண்டனில் இலையுதிர்காலத்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் கார் ஓட்டப் பழக்குகிறவள். மற்றவர்கள் மரத்தின் நிறத்தைப் பார்த்துக் காலம் மாறுவதை அறிவார்கள். நான் பிரேக்கில் அறிவேன். நனைந்த இலையின் மேல் சில்லு ஏறினால் கார் எந்தப் பக்கம் போகும் என்று அந்தக் காருக்கே தெரியாது. பின்னேரம் நான்கு மணிக்குச் சூரியன் கீழே இறங்கிவந்து நேரே கண்ணுக்குள் குத்தும். பழக வந்த பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று கத்தும்.

"தெரியாட்டி மெதுவாப் போ. கண்ணை மட்டும் மூடிப்போடாதை" என்பேன்.

தென்லண்டனில் மிட்சம் தொடக்கம் கோலியர்ஸ் வுட் வரையில் உள்ள தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் என் காரில்தான் கியர் மாற்றப் பழகினார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் முழுப்பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புரட்டாசி பிறந்தால் நவராத்திரி என்று சொல்லிச் சிலர் பின்னேர வகுப்பை நிற்பாட்டுவார்கள். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதக்காரர்களை நானே நிற்பாட்டிவிடுவேன். பட்டினி கிடக்கிறவளின் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிடும். அதன்பிறகு ஐந்து மணி வகுப்பு இருட்டு வகுப்பாகிவிடும்.

இலை விழுவதைப் பார்த்து மனம் உடைகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிறந்த பக்கத்தில் இது மழை பிடிக்கிற காலம். காய்ந்து கிடந்ததெல்லாம் பச்சை பிடிக்கிற நேரம். ஐப்பசி என்றால் முளைப்பது என்று பழகிய மனம், ஐப்பசி என்றால் உதிர்வது என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இத்தனை வருடமாக இங்கே இருந்தும் அது மாறவில்லை, மாற்றவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீதி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் உள்ள சின்ன வீதி. ஒரே குளிர் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு வீடும் அதை வேறு வேறு விதமாக வரவேற்கும். எதிர்வீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம் தம்பதி, கம்ப்யூட்டர் வேலை, ஒரேயொரு மகள். அவர்களுக்கு இந்தக் காலம் வரவேற்பறையில் கொலுப்படி கட்டுவதில் தொடங்குகிறது. மூலைவீட்டுப் போலந்துக் குடும்பம் நவம்பர் பிறந்தவுடன் கண்ணாடிச் சாடிக்குள் வைத்த விளக்குகளைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றும். அவர்களுடைய சொந்தக் கல்லறைகள் போலந்தில். அதனால் இங்கே பக்கத்து இடுகாட்டுக்குப் போய், யாரும் வராத கல்லறைகளாகப் பார்த்து விளக்கு வைத்துவிட்டு வருவார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த வீட்டு ஆட்களுக்கு நான் எப்போதும் வழிவிட்டுத்தான் கார் எடுப்பேன்.

எங்கள் வலதுபக்க வீட்டில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி இருந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். அவர்களுடைய இலையுதிர்காலம் ஹாலோவீன் ஒன்றுதான். அக்டோபர் கடைசி நாளில் அந்தக் கிழவர் மஞ்சள் பூசணிக்காய்களைக் குடைந்து, கண் மூக்கு வெட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசற்படி முழுக்க அடுக்குவார். கடிதம் போடுகிற ஓட்டையிலிருந்து ஒரு ரப்பர்க் கை வெளியே தொங்கும். பேயும் பிசாசும் எலும்புக்கூடுமாக வேடம் போட்ட பிள்ளைகள் மணி அடிக்க, மனைவி சூனியக்காரி மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு கூடையோடு வந்து இனிப்புக் கொடுப்பார். எங்கள் பிள்ளைகளும் அந்தக் கூடையில் கைவைத்துத்தான் வளர்ந்தார்கள்.

என் மனுசனுக்கு மட்டும் அது பிடிக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார், ஆனால் கேற்றுக்கு வெளியே, யாரோ வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வீடு வீடாக் கையேந்துறது. அதுக்கு ஒரு வேசம் வேறை" என்பார்.

ஆனால் கிழவரில் அவருக்கு நல்ல மரியாதை. வேலிக்கு மேலால் ஏணியும் துளைக்கிற மெசினும் அடிக்கடி இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். பேச்சு அதிகம் இருக்காது.

அந்தக் கிழவர் போன வருடம் வசந்தத்தில் காலமாகிவிட்டார். காலையில் தேத்தண்ணி போட எழும்பியவர் குசினியிலேயே விழுந்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டோம். எங்கள் ஆட்களின் வீடாக இருந்தால் நான் அன்றைக்கே போயிருப்பேன். போய்க் கட்டிப்பிடித்து அழுது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நாளுக்கொரு தடவை பக்கத்தில் இருந்திருப்பேன். எப்படி நடந்தது என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், வீட்டுக்காரி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லுவாள். சொல்லிச் சொல்லித்தான் அது கொஞ்சம் கரையும்.

"ஒருக்கா அங்கை போயிட்டு வாறன்" என்று நான் வெளிக்கிட்டேன்.

என் மனுசன் விடவில்லை. "இஞ்சை பாரும், அவையள் தனிய இருக்க விரும்புற சனம். நாங்கள் போய் ஆய்க்கினை குடுக்கக் கூடாது."

அதனால் ஒரு கார்ட் போட்டோம். பூ அனுப்பினோம். இறுதிச் சடங்கில் கறுப்பு உடுப்போடு கடைசி வரிசையில் நின்று, சான்விச் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் தலையாட்டிச் சிரித்ததுதான்.

அதே வருடம் செப்டம்பர் கடைசியில் ஒருநாள் நான் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். வடக்கே நெடுந்தூரத்தில் இருக்கும் மகள், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம்.

"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். எனக்கு ஒரு வீதி இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவாள், அன்றைக்கு முடிவு சொல்லவேண்டும்" என்றார்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இந்த இலையுதிர்காலம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன்" என்றார்.

எதை வைத்துப் பார்க்கப்போகிறார் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வந்து மணி அடித்தால் இங்கேயே இருப்பது, வராவிட்டால் மகளோடு போவது. மனதுக்குள் அப்படி ஒரு சோதனை வைத்திருந்தார்.

ஹாலோவீனுக்குச் சில நாட்கள் இருக்கும்போது எதிர்வீட்டுப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட இந்த வருஷம் பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? தாத்தா தவறிட்டாரே. எங்க ஊர்ல ஒரு வருஷத்துக்குப் பண்டிகையே கிடையாது. அதான் கேக்குறேன்."

நான் வாயைத் திறக்குமுன்னே உள்ளேயிருந்து இவர் வந்துவிட்டார். "என்ன கேள்வி பிள்ளை? ஆண்டுத்திவசம் முடியாத வீடு. அந்த வாசலிலை எலும்புக்கூடு வேசத்தோடை பிள்ளையைக் கொண்டுபோய் விடுறதோ? மனுசி கதவைத் திறந்து அதைப் பாக்கிறதோ?"

"ஆமா அண்ணா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் அவள்.

என் மனுசன் அதோடு விட்டாரா? எங்கள் வீதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குப்பைத்தொட்டி எடுக்கிற நாள், தொலைந்த பூனை, யாரோ குறுக்கே நிற்பாட்டிய கார் எல்லாம் அதில்தான் வரும். அதில் நல்ல ஆங்கிலத்தில், அடித்தும் அழித்தும், கண்ணாடியைக் கழற்றிப் போட்டும் ஒரு செய்தி எழுதினார். துக்கத்தில் இருக்கும் நம் அயலவருக்கு மரியாதை செய்யும் விதமாக, இந்த வருடம் பிள்ளைகளை அந்த வாசலுக்கு அனுப்பவேண்டாம்.

என்ன வரவேற்பு! போலந்து வீட்டிலிருந்து இதயம் வந்தது. இன்னொரு வீடு கும்பிட்ட கை போட்டது. புதிதாக வந்த ஆங்கிலேயத் தம்பதிகூட, எவ்வளவு அருமையான எண்ணம், எங்களுக்குத் தோன்றவில்லையே என்று எழுதினார்கள். நானும் ஒரு பெருவிரல் போட்டேன். இத்தனை நாட்டுச் சனம் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றதை எங்கள் வீதி அதற்கு முதல் கண்டதில்லை. அந்த அம்மா மட்டும் குழுவில் இல்லை. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்.

ஹாலோவீன் அன்று என் கடைசி வகுப்பை முடித்துக்கொண்டு வரும்போது நல்ல இருட்டு. வீதி முழுக்கப் பிள்ளைகள். சூனியக்காரிகளும் ரத்தக்காட்டேரிகளும் காருக்குக் குறுக்கே ஓட, நான் ஊர்ந்து ஊர்ந்து வந்து வாசலில் நிற்பாட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. படிக்குப் படி பூசணிக்காய். வழக்கமாகக் கிழவர் வெட்டுவது நேர்த்தியாக இருக்கும். இவை ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக, வாய் கோணலாக இருந்தன. கடித ஓட்டையில் அந்த ரப்பர்க் கையும் தொங்கியது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு முகம் சுளித்தது. மனுசன் போய் ஒரு வருடம் ஆகவில்லை, இந்த அம்மாவுக்கு எப்படி மனம் வந்தது என்று நினைத்தேன்.

நான் கார்க் கதவைச் சாத்திய சத்தத்துக்கு அவர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. தொப்பி போட்டிருந்தார். கையில் கூடை. முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு இறங்கிப்போனதை நான் பார்த்தேன்.

"ஓ, நீங்களா. பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லைப்போல" என்றார்.

கூடை நிறைந்து தளும்பியது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் தன் மகளோடு அந்த வழியால் வந்தாள். எலும்புக்கூடு உடுப்புப் போட்ட அந்தச் சின்னது பூசணிக்காய்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டது. தாய் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துவிட்டு, இந்த அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து, பெரிய மரியாதையோடு கடந்து போனாள்.

அந்த மரியாதை அவருக்கு எப்படி இருந்திருக்கும்! கூடையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு. பிள்ளைகள் வந்தால் இங்கேயே இருப்பது என்று நினைத்திருந்தேன். மகள் சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன்" என்றார். கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் மெதுவாகத்தான் சாத்தினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே போனேன். இவர் தேத்தண்ணியோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிவியை நிற்பாட்டினேன்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? அந்த மனுசி தொப்பியும் போட்டுக்கொண்டு பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஒரு குருவி போகேல்லை. வீட்டை வித்துப்போட்டுப் போகப்போகுதாம்."

"நான் மரியாதைக்குத்தானே..."

"மரியாதை! கிழவர் செத்தவுடனை போய் இருந்து அழவேண்டிய இடத்திலை வெள்ளைக்காரர் மாதிரிக் கார்ட் போட்டம். வெள்ளைக்காரர் மாதிரிச் சிரிச்சுக் கும்மாளம் போடவேண்டிய இடத்திலை யாழ்ப்பாணத்துத் துக்கம் காக்கிறம். ரெண்டையும் தலைகீழாச் செய்துபோட்டு மரியாதையாம்!"

பேசிக்கொண்டு போகும்போதுதான் எனக்கே அது விளங்கியது. அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்துக் குழுவில், நான் பிழை விட்டுவிட்டேன், தயவுசெய்து பிள்ளைகளை அனுப்புங்கள் என்று எழுதினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதில் இல்லை. சனம் அடுத்த வீதிக்குப் போயிருக்கும், அல்லது பிள்ளைகளின் முகத்துச் சாயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்.

அவர் மாடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி இறங்கி வந்தபோது வெள்ளை வேட்டியை விரித்துத் தலைக்கு மேலால் போர்த்தியிருந்தார். முகத்தையும் மூடிவிட்டு, கண்ணாடியை அந்தத் துணிக்கு மேலேயே மாட்டியிருந்தார். கோயிலில் மேளம் அடித்தால்கூட ஆடாமல் நிற்கிற மனுசன்.

"ஒரு பை இருந்தாத் தாரும். பிள்ளையள் பை கொண்டு போறவையெல்லே" என்றார் துணிக்குள்ளிருந்து.

நான் கடைப் பை ஒன்றைக் கொடுத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாசலில் அவர் ஒரு நிமிடம் தயங்கினார்.

"ஆண்டுத்திவசம் முடியாத வீட்டுக்கு வேசம் போட்டுக்கொண்டு போறன். முருகா, நீதான் பொறுக்கவேணும்."

அவர் மணி அடித்தார். நான் பின்னால் நின்றேன். கதவு திறக்க நேரமெடுத்தது. அந்த அம்மா தொப்பியைக் கழற்றியிருந்தார். தன்னைவிட ஒரு முழம் உயரமான அந்த வெள்ளை உருவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே இவருடைய வீட்டுச் செருப்பும் காலுறையும் தெரிந்தன.

"நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கண்டிப்பாகக் கேட்டார்.

"பக்கத்து வீடு" என்றார் இவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே அழத் தொடங்கினார். இவர் பயந்துபோய் வேட்டியை இழுத்தெடுத்தார். கண்ணாடி கீழே விழுந்தது.

"பிள்ளைகளை வரவேண்டாம் என்று எழுதியது நான்தான். எங்கள் வழக்கத்தில் ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டம் இல்லை. அதை நினைத்துச் செய்துவிட்டேன். உங்கள் கணவர் இல்லாதது எனக்கும் பெரிய வெறுமை. அதை நான் அப்போதே வந்து சொல்லியிருக்கவேண்டும்" என்றார்.

"ஒரு வருடமா?" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த மனுஷன் வருடம் முழுக்க இந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பார். நான் எப்படி விடமுடியும்? உள்ளே வாருங்கள்."

குசினியில் உட்கார்ந்தோம். அவர் கேத்தலை வைத்தார். நான் கேட்டேன், எங்கள் வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டேன்: "எப்படி நடந்தது? சொல்லுங்கள்." அவர் அந்தக் காலையை முதலிலிருந்து சொன்னார். கிழவர் என்ன உடுத்தியிருந்தார், என்ன பகிடி விட்டார், எந்த இடத்தில் விழுந்தார் எல்லாவற்றையும். இத்தனை மாதமாக ஒருவரும் அதைக் கேட்கவில்லையாம். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் தலைகுனிந்து, சுருட்டிய வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் போன் அடித்தது. மகள்தான் என்று கையால் காட்டிவிட்டு எடுத்தார்.

"ஓ, நிறையப் பேர் வந்தார்கள் கண்ணே" என்றார். மேசையில் கூடை அப்படியே நிறைந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "எண்ணவே முடியவில்லை. முன்பு மாதிரியேதான்."

மறுபக்கத்தில் மகள் ஏதோ கேட்டாள். இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டிருக்கவேண்டும். அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. "இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், அவருக்கு இந்த வீட்டை விட்டுப் போக எள்ளளவும் விருப்பமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் எழும்பினேன். நடையைத் தாண்டி வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, மணியை அழுத்தினேன். நல்ல பலமாக, கூட்டமாக வந்த பிள்ளைகள் அடிக்கிற மாதிரி விட்டு விட்டு அழுத்தினேன்.

உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. "பார், திரும்பவும் வந்துவிட்டார்கள். நான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிடலாம். இல்லை, வீட்டைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. நான் இங்கேதான் இருக்கப்போகிறேன்."

நான் மணியை இன்னொரு தடவை அழுத்தினேன்.